விதை நெல்லும் வீண் ஊகமும்

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும் இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். இந்தக் காலபோகத்துக்கு என்ன செய்வது? குத்தகைக்கு ஒரு துண்டு வயல் எடுத்து விதைப்பதா? ஊருக்குத் திரும்பலாம் என்கிறார்களே, அதுவரை பொறுப்பதா? சாக்கில் இருக்கிற விதை நெல்லைக் குத்திப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிடுவதா? இவற்றுக்கு விடை தரவேண்டியவை மழை, குளத்து நீர், கையில் உள்ள காசு, காணிக்காரரின் வார்த்தை ஆகியவையே. ஆனால் பல குடிசைகளில் விடையைத் தீர்மானிப்பது யாரோ கொண்டுவந்த ஒரு கதையாக இருக்கிறது. "மாசிக்குள் எல்லாரையும் அனுப்பிவிடுவார்களாம்." "உலக முடிவு கிட்டிவிட்டதாம், மூன்று நாள் இருள் வருமாம், மெழுகுதிரி வாங்கி வைக்கட்டாம்." "காணாமற்போன பிள்ளை தெற்கே ஓர் இடத்தில் உயிரோடு இருக்குதாம், சாத்திரியார் சொன்னவர்."

முதலாவது அரசியல் ஊகம். இரண்டாவது சமய ஊகம். மூன்றாவது குறி. மூன்றும் வெவ்வேறு வாசல்களால் வந்தாலும் போய் அமரும் இடம் ஒன்றுதான். நாளை எப்படியிருக்கும் என்று தெரியாதவரிடம் ஒருவர் வந்து நாளும் இடமும் குறித்துச் சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. அதற்காக எவரையும் குறைகூற இங்கு எழுதவில்லை. ஆனால் அந்தக் கதையை நம்பி விதை நெல் அடுப்புக்குப் போய்விட்டால், அடுத்த போகத்துக்குக் கடன் வாங்கவேண்டியவர் கதை சொன்னவரல்லர். ஆகவே இந்த விடயத்தில் திருச்சபை உண்மையில் எதைப் போதிக்கிறது என்று பார்ப்பது நல்லது.

வேலையை விட்டவர்கள்

தெசலோனிக்கா நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு வந்த தொல்லை இதே வகையானது. கி.பி. 50ஆம் ஆண்டளவில் திருத்தூதர் பவுல் அங்கு நற்செய்தி அறிவித்துவிட்டுத் துன்புறுத்தலால் அவசரமாக வெளியேற நேர்ந்தது. புதிதாக விசுவசித்தவர்கள் தனித்துப் போனார்கள். சிறிது காலத்தில் அவர்களிடையே ஒரு வதந்தி பரவிற்று: ஆண்டவரின் நாள் வந்தேவிட்டது! அதற்கு ஆதாரமாகப் பவுல் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதமும் காட்டப்பட்டிருக்கலாம். அப்படி ஏதும் கடிதம் வந்தால் கலங்கவேண்டாம் என்று அவர் இரண்டாம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பதிலிருந்து அது தெரிகிறது. பெரியவர் ஒருவரின் பெயரை வைத்துப் போலிக் கடிதம் விடும் பழக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 வயதாகிறது. நேற்று அது பத்துப் பிரதி எழுதி அனுப்பாவிட்டால் சாபம் வரும் என்ற துண்டுக் கடிதமாக வந்தது. இன்று கைத்தொலைபேசியில் குரற்பதிவாக வருகிறது.

வதந்தியின் விளைவு என்ன? சிலர் வேலையை விட்டுவிட்டு வீடுவீடாகத் திரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஊகம் கையைத்தான் முதலில் கட்டிப்போடுகிறது என்பதை இங்கே காண்கிறோம். பவுலின் மருந்து மிக எளியது. அவர் வேறொரு தேதியைச் சொல்லிப் பழைய தேதியை மறுக்கவில்லை. அமைதியாக உங்கள் வேலையைச் செய்து உங்கள் உணவை உண்ணுங்கள் என்றார். வேலை செய்ய மனமில்லாதவருக்குச் சாப்பாட்டிலும் பங்கில்லை என்ற அவரது கடும் அறிவுரை 3ஆம் அதிகாரத்தில் வருவது இந்தச் சூழ்நிலையில்தான். நிவாரண வரிசையில் நிற்கும் மக்களைப் பார்த்து இவ்வசனத்தைச் சொல்லிக் காட்டுவோர் உண்டு. அது வசனத்தைத் திரிப்பதாகும். வேலை செய்ய *மனமில்லாதவரை* பவுல் கண்டித்தார். வயலை இழந்து, வேலை கிடைக்காமல் நிற்பவரை அல்ல.

நம் அண்டையில் நடந்த ஒன்று

இது பழைய கதை என்று எண்ணவேண்டாம். திருவிதாங்கூரில் யுஸ்துஸ் யோசேப்பு என்ற சபைக்குரு ஒருவர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, அங்கிலிக்கன் சி.எம்.எஸ். மிஷனில் குருவானவர். வித்துவான் குட்டி என்று மக்கள் அழைத்தார்கள். இசையும் கவிதையும் கைவந்தவர். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் கேரளத்துச் சபைகள் பாடுகின்றன. 1870களில் அங்கு ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அந்த உற்சாகத்தின் நடுவே, 1875இல், கிறிஸ்து 1881இல் திரும்ப வருவார் என்று அறிவிக்கப்பட்டது. யுஸ்துஸ் யோசேப்பு அதை ஏற்று மிஷனைவிட்டுப் பிரிந்தார். பலர் அவரோடு போனார்கள். அந்தக் கூட்டத்துக்கு யுயோமயம் என்று பெயர்.

1881 வந்தது, போயிற்று. கூட்டம் பின்னர் மெல்லச் சிறுத்தது.

இந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதே இங்கு கவனிக்கவேண்டியது. பக்தியுள்ளவர், படித்தவர், தாம் சொன்னதைத் தாமே நம்பியவர். நல்லவர் சொல்லிவிட்டார் என்பதனால் ஒரு தேதி உண்மையாகிவிடாது. கெட்ட நோக்கத்தோடு சொல்லுவோரும் இருக்கிறார்கள் என்பது வேறு விடயம். தென்கொரியாவில் 1992 ஒக்டோபர் 28ஆம் திகதி விண்ணேற்றம் நிகழும் என்று ஒரு சபைத் தலைவர் போதித்தார். ஆயிரக்கணக்கானோர் நம்பினர், வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். போதித்தவரோ 1993 மே மாதத்தில் முதிர்வடையும் முறிகளை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்காக அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் தயக்கமின்றிப் பேசியிருக்கிறது. ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1516ஆம் ஆண்டு டிசம்பரிலேயே, வரவிருக்கும் தீமைகளுக்கோ அந்திக்கிறிஸ்துவின் வருகைக்கோ இறுதித் தீர்வைக்கோ நாள் குறித்துப் பிரசங்கிப்பதைத் தடைசெய்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 67ஆம் எண்ணில், தனிப்பட்ட வெளிப்பாடுகள் எவையும் கிறிஸ்து தந்த வெளிப்பாட்டோடு எதையும் சேர்ப்பதில்லை என்கிறது. ஆண்டவரே தம் சீடர்களிடம், அந்த நாளும் வேளையும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்றார் (மத்தேயு 24:36). அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியதில்லை என்று அவர் விட்டதை நாம் அச்சடித்து விநியோகிக்கப் புறப்படுவது எப்படிப் பொருந்தும்?

ஒன்றையும் நம்பாதே என்பதல்ல இதன் கருத்து. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி முதலாம் தெசலோனிக்கர் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. சோதிப்பது எப்படி என்று விவசாயிக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. விதை நெல்லை எவர் தந்தாலும், அவர் உறவினராயிருந்தாலும், அப்படியே வயலில் எறிந்துவிடுகிறோமா? 100 நெல் எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி, ஒரு வாரம் நனைத்துவைத்து முளைத்ததை எண்ணுகிறோம். 85க்குக் குறைந்தால் அது சாப்பாட்டு நெல். செய்தியையும் அப்படி நனைத்துப் பார்க்கலாம்: யார் சொன்னது? அவர் நேரில் கண்டாரா? பங்குத்தந்தைக்கோ கிராம அலுவலருக்கோ இது தெரியுமா? இதை நம்பினால் நான் எதை விற்கவேண்டியிருக்கும்? கடைசிக் கேள்வி முக்கியமானது.

அனனியாவும் எரேமியாவும்

இடம்பெயர்ந்தோருக்கென்றே விவிலியத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. எரேமியா 29ஆம் அதிகாரம். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேம் மக்களில் ஒரு பகுதியினரைப் பிடித்துச் சென்றார்கள். சில ஆண்டுகளின்பின் அனனியா என்ற இறைவாக்கினர் ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அறிவித்தார். எரேமியா அதற்கு முதலில் சொன்ன பதில் ஆமென். அப்படியே ஆகட்டும், ஆண்டவர் அவ்வாறே செய்வாராக என்றார் (28:6). அவருக்கும் அந்த ஆசை இருந்தது! ஊர் திரும்பும் ஏக்கத்தைப் போலி விசுவாசம் என்று அவர் பழிக்கவில்லை. ஆனாலும் ஆசை வேறு, ஆண்டவர் சொன்னது வேறு என்பதை அறிந்திருந்தார். அனனியா சொன்னது இரண்டு ஆண்டு. எரேமியா எழுதியதோ எழுபது ஆண்டு.

அந்தக் கடிதத்தில் அவர் அகதிகளுக்குச் சொன்னவை மிகச் சாதாரணமானவை. வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள். பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள். நீங்கள் இருக்கிற நகரத்தின் நலனை நாடுங்கள். திரும்பும் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை; அதை ஆண்டவரின் வாக்குறுதியாகவே தருகிறார். ஆனால் காத்திருக்கும் ஆண்டுகளையும் வாழ்க்கையாக வாழச் சொல்கிறார்.

இதன் பொருளை உணர நாம் பாபிலோனுக்குப் போகவேண்டியதில்லை. மன்னாரிலிருந்து தலைமன்னார் வீதியால் போகையில் தாராபுரம் வருகிறது. முஸ்லிம் மக்களின் ஊர். 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, தாராபுரத்தாரும் எருக்கலம்பிட்டியாரும் மன்னார்த் தீவின் ஏனைய முஸ்லிம் மக்களும் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சில நாட்களில் அல்லது சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு போனவர்கள் பலர். அந்தச் சில வாரம் ஏறத்தாழ இருபது ஆண்டாயிற்று. 2002இன் போர்நிறுத்தத்தோடு சிலரும் 2009இன்பின் மேலும் பலருமாகத் திரும்பினார்கள். புத்தளத்தில் நிலைத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கற்பிட்டி, புத்தளப் பகுதித் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயமும் மிளகாயும் நட்டார்கள், சிறு துண்டுக் காணி வாங்கினார்கள், கிடுகுக் கொட்டிலைக் கல்வீடாக்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எரேமியாவின் கடிதம் சொல்லும் வாழ்க்கை எத்தகையதென்று கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த அயலவரிடம் கற்றுக்கொள்ளலாம். அவர்களுடைய வெளியேற்றத்தைத் தடுக்க நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம் என்ற கேள்வியும் கூடவே வரும். அதையும் தள்ளிவிடக்கூடாது.

எடுத்துச் செல்லக்கூடிய சுமை

அப்படியானால் நலமான போதனை என்பது எது? பெரிய புத்தகங்களில் இருப்பது என்று நினைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். நம் பகுதியின் வரலாறோ அது மிகச் சிறிய மூட்டை என்று காட்டுகிறது.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மொழி தெரிந்தவர்களின் உதவியோடு விசுவாச அறிக்கை, பத்துக் கற்பனை, பரலோக மந்திரம், மங்கள மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் மன்னாரில் சங்கிலி மன்னனால் கொல்லப்பட்ட விசுவாசிகள், ஏறத்தாழ 600 பேர் என்பர், கிறிஸ்தவர்களாகிச் சில மாதங்களே ஆனவர்கள். அவர்கள் வெளிப்படுத்தல் நூலின் எண்களைக் கணக்குப் பார்த்தவர்களல்லர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழில் அச்சேறிய முதல் நூல், இதே வகையான மறைக்கல்வி நூல்தான். மொத்தம் 16 பக்கம்.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் கையில் விழுந்தது. குருக்கள் நாடுகடத்தப்பட்டார்கள், ஆலயங்கள் பறிபோயின. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே போனதாக மடுத் திருத்தலத்தின் மரபு சொல்கிறது. அவர்களும் இடம்பெயர்ந்தோர்தாம். புனித யோசேப்பு வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் 1687இல் இலங்கைக்கு வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டு, குரு இல்லாமல், பூசை இல்லாமல், வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த செபங்களும் கற்பனைகளுமே அந்த மக்களைத் தாங்கின. படகிலும் தலைச்சுமையிலும் எடுத்துப்போகக்கூடிய போதனை அது. இரவில் பாய் விரித்தபின் பிள்ளைகளுக்கு ஒரு தாய் சொல்லிக்கொடுக்கக்கூடியது. 1990இன்பின் மடுவிலும் பேசாலையிலும் முகாம்களில் இருந்தவர்களில் பலர், செபமாலையும் ஞானோபதேசமுமாக அதையேதான் செய்தார்கள்.

பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது முடிவில்லாத கட்டுக்கதைகளை விட்டுவிடச் சொல்வது இதனால்தான் (1 திமொத்தேயு 1:4). அவை ஊகத்தைப் பெருக்கும், வீட்டைக் கட்டா.

தெரியாததைக் கேட்பது எப்படி

சாத்திரியாரிடம் போகும் தாய்மாரைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. மகனைக் காணாத தாய் எந்த வாசலைத்தான் தட்டமாட்டாள்? குறி பார்ப்பதையும் மறைந்தவற்றை அறியும் எல்லா முறைகளையும் திருச்சபை விலக்குகிறது. மறைக்கல்வி நூல் 2116ஆம் எண்ணில் அது தெளிவாக உள்ளது. ஆனால் விலக்கைமட்டும் சொல்லித் தாயை அனுப்பிவிடுவது போதனையாகாது. அவளுடைய கேள்வியை உரிய இடத்தில் அவளோடு சேர்ந்து கேட்பதும் போதனையின் பங்கு.

அதற்கு நம் மறைமாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராயிருந்து, 2021இல் இறைவனடி சேர்ந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது இரண்டு எண்களை அதன்முன் வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதியில் இருந்தவர்கள் அரச செயலகப் பதிவின்படி 429,059 பேர். 2009 ஜூலைவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்கின்படி 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கம் கேட்டார். அத்தனைபேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. பதிவில் இருந்த எண்ணைக் காட்டி, மீதிக்குப் பதில் கேட்டார். ஊகிக்க மறுப்பது வாய்மூடி இருப்பதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த மண்ணில் இல்லை என்பது என் எண்ணம்.

குடும்பங்களுக்கும் இதில் செய்யக்கூடியது உண்டு. 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைக் குடும்பத்தினர் கேட்டுப் பெறலாம். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டு, பிள்ளையைத் தம் வாயாலேயே இறந்ததாக்க மனம் ஒப்பாத தாய்மாருக்கு இது சிறு ஆறுதல். காணி, வங்கிக் கணக்கு முதலிய அலுவல்களைக் கவனிக்கவும் உதவும்.

மண்சாடியில் ஓர் உறுதி

எரேமியாவின் வரலாற்றில் 32ஆம் அதிகாரத்தை விவசாயிகள் எல்லாரும் வாசிக்கவேண்டும். எருசலேமைப் பகைவர் சூழ்ந்திருக்கிறார்கள். எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது அவருடைய உறவினர் அனமேல் வந்து, அனாத்தோத்து ஊரிலுள்ள வயலை வாங்கும்படி கேட்கிறார். பகைவர் படை நிற்கிற நாட்டில் வயல் வாங்குவதா! எரேமியா வாங்குகிறார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்திட, உறுதி எழுதுகிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தம் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் பழுதாகாதிருக்க மண்சாடியில் வைக்கச் சொல்கிறார்.

எழுபது ஆண்டு என்று சொன்ன அதே மனிதர்தான் இதைச் செய்தார். நாள் குறிக்காதவரின் நம்பிக்கை பத்திரத்தைப் பத்திரப்படுத்தும். நாள் குறித்து ஏமாந்தவரோ, இனி எங்கே என்று சொல்லி உறுதியை எலிக்கும் கறையானுக்கும் விட்டுவிடுவார். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 2017 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீதியோரத்தில் அமர்ந்து தம் காணிகளைக் கேட்டன. ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது. அது முழு ஊரல்ல. ஆனாலும் பத்தாண்டு கழித்தும் இது எங்கள் காணி என்று சொல்ல அவர்கள் இருந்தார்கள்.

தனியார் காணியை இன்னொருவர் தடையின்றிப் பத்து ஆண்டு ஆண்டுவந்தால் அவர் உரிமை கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டத்தால் இடம்பெயர்ந்த பலர் பாதிக்கப்பட்டார்கள். இதற்குப் பரிகாரமாக 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்கீழ் வழக்குத் தொடர இரண்டு ஆண்டே தரப்பட்டது. கையில் பத்திரம் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு போதுமாயிருந்திருக்கும். பத்திரம் தேடியவர்களுக்குத் தேடுவதிலேயே காலம் கழிந்திருக்கும்.

ஆகையால் மழை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். உறுதி, பெர்மிட், வரைபடம், பிறப்பு, விவாகப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள். போட்டோப் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். மூலப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள வாளியில், தரையில் படாமல் வையுங்கள். லெமினேட் செய்யவேண்டாம், பின்னர் அதில் முத்திரையோ கையெழுத்தோ இட முடியாது. உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட உறுதியாயின், காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம். ஊரின் பெயர், காணியின் பெயர், எல்லைகள், எழுதிய நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை தெரிந்தால் தேடுவது இலகு. பெர்மிட் காணியாயின் உங்கள் சொந்த ஊர்ப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரியுங்கள். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பல பெர்மிட்களில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.